மேடையில் வயலின்காரர் எங்கே?

ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து மாரியம்மன் பண்டிகை. தீமிதி முடிந்த மறுநாள் ராத்திரி, கோயிலுக்கு எதிரே களத்தில் மேடை போட்டிருந்தார்கள். பேனரில் எம்.எஸ்.விஸ்வநாதனும் டி.கே.ராமமூர்த்தியும் சேர்ந்து நிற்கிற படம். பாய், போர்வையோடு ஊரே வந்து உட்கார்ந்துவிட்டது. ‘காதலிக்க நேரமில்லை’ படத்திலிருந்து ஒரு பாட்டை எடுத்தார்கள். வயலின்கள் கூட்டமாக எழுந்து வருகிற அந்த முன்னிசை கேட்டதும் உடம்பு சிலிர்த்தது. எட்டிப் பார்த்தேன். மேடையில் இரண்டு பாடகர்கள், ஒரு பாடகி, ஒரு கீபோர்டு, ஒரு ரிதம் பேட், ஒரு லேப்டாப். வயலின் ஒன்றுகூட இல்லை.

பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவரை அப்போதுதான் கவனித்தேன். தொடைமேல் போட்டிருந்த துண்டின்மேல் அவருடைய இடது கை விரல்கள் அழுந்தி அழுந்தி எழுந்துகொண்டிருந்தன. முன்னிசையின் ஒவ்வொரு சுரத்துக்கும் சரியாக ஒரு விரல்.

“மாஸ்டருங்களா?” என்றேன்.

“ஆமாங்க தம்பி. வயலினு. அது ஆச்சு, ஏழெட்டு வருஷம்” என்றார். அதற்குமேல் பாட்டு முடியும்வரை பேசவில்லை.

பழைய பாட்டுக்கு வந்திருக்கும் புது மவுசைப் பற்றி எழுத வேண்டும் என்றுதான் சேலம், நாமக்கல் பக்கம் போயிருந்தேன். மவுசு இருக்கிறது. அதில் சந்தேகமே வேண்டாம். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் இருக்கிற சாலையில் ஒரு கடை. புது வண்டிகளுக்கு ஸ்பீக்கர் செட் மாட்டுவது தொழில். கூடவே பென் டிரைவில் பாட்டு ஏற்றிக் கொடுக்கிறார்கள். ‘விஸ்வநாதன் ராமமூர்த்தி’ என்றே தனியாக ஒரு ஃபோல்டர் வைத்திருக்கிறார் கடைக்காரர். நாக்பூர் லோடுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த டிரைவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. அவரும் அதைத்தான் கேட்டு வாங்கினார். “ராத்திரி ஓட்டறப்ப பழைய பாட்டுன்னா, கூட ஒரு ஆள் உக்காந்து வர்ற மாதிரி இருக்குதுங்க” என்றார்.

அறுபதாம் கல்யாணங்களில் நாதஸ்வரம் முடிந்ததும் பழைய பாட்டுக் கச்சேரி வைப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. 2012 மார்ச்சில் ‘கர்ணன்’ டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு வந்து நூறு நாளைத் தாண்டி ஓடியது. 2014-ல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ அதே மாதிரி வந்து அதுவும் நின்று ஓடியது. இரண்டு படத்துக்கும் இசை இந்த இருவர்தான். ஐயாயிரம் பாட்டை உள்ளேயே அடைத்துக்கொண்டு 2017-ல் ஒரு ரேடியோப் பெட்டி வந்ததும், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு அதை வாங்கி அனுப்பியதும் தெரிந்த கதை.

விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் 1965-ல் ஏன் பிரிந்தார்கள் என்பதை எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். அதை விட்டுவிடலாம். முப்பது வருஷம் கழித்து மறுபடி சேர்ந்தார்களே, அதைத்தான் நாம் பேசுவதே இல்லை. 1995-ல் சந்தானபாரதி இயக்கி சத்யராஜ் நடித்த ‘எங்கிருந்தோ வந்தான்’. டைட்டிலில் மறுபடியும் விஸ்வநாதன் - ராமமூர்த்தி. மேல்நாட்டில் பீட்டில்ஸ் குழுவில் உயிரோடிருந்த மூன்று பேர், மறைந்துபோன ஜான் லெனனின் பழைய கேசட்டை வைத்துக்கொண்டு மறுபடி சேர்ந்து பாட்டு வெளியிட்டதும் அதே 1995-தான். அங்கே அது உலகச் செய்தி. இங்கே அது ஒரு பொங்கல் சீசன் செய்தியோடு முடிந்துபோயிற்று. அந்தப் படத்தின் பாட்டுகள் ‘பாசமலர்’, ‘பாவ மன்னிப்பு’ பாட்டுகள்போல நின்றனவா என்றால், இல்லை. என் காதுக்கு அதில் குறை இருவரிடமும் தெரியவில்லை. அதற்குள் பாட்டு பிறக்கும் முறையே மாறிவிட்டது. அறுபதுகளில் அவர்களைச் சுற்றி ஒரு கூட்டம் இருந்தது. 1995-ல் அந்தக் கூட்டம் கலைந்திருந்தது.

அந்தக் கூட்டத்தைச் சொல்லாமல் இவர்கள் இசையைச் சொல்ல முடியாது. விஸ்வநாதனுக்கு ஆர்மோனியம், ராமமூர்த்திக்கு வயலின். பக்கத்தில் ஹென்றி டேனியல், ஜோசப் கிருஷ்ணா, கோவர்த்தனம் என்று உதவிக்கு நின்றவர்கள். மங்களமூர்த்தியின் அக்கார்டியன். நோயல் கிராண்ட்டின் டிரம்ஸ். இவர்களுக்கும் பின்னால் பெயர் வெளியே வராத வயலின்காரர்கள், குழல்காரர்கள், தபேலாக்காரர்கள். ‘புதிய பறவை’யில் சிவாஜி நிம்மதியைத் தேடி அலைகிற பாட்டைக் கேளுங்கள். ஒரு ஊரே சேர்ந்து வாசித்த மாதிரி இருக்கும். அன்றைக்கு மோனோ ஒலிப்பதிவு. பாடுகிறவரும் வாசிக்கிறவர்களும் ஒரே நேரத்தில், ஒரே கூடத்தில். கடைசி வரிசையில் ஒருவர் வில்லைத் தப்பாக இழுத்துவிட்டால் டி.எம்.சௌந்தரராஜனும் முதலிலிருந்து பாட வேண்டும். கடைசி வரிசைக்காரருக்கு அந்தப் பாட்டில் அவ்வளவு பங்கு.

சேலத்துக்கும் இதில் இடம் உண்டு. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு இன்றும் நிற்கிறது. திருச்செங்கோட்டு ராமலிங்கம் சுந்தரம் 1935-ல் தொடங்கிய கம்பெனி. அந்தக் கம்பெனி 1956-ல் எடுத்த ‘பாசவலை’க்கு இந்த இருவர்தான் இசை. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் அதற்குப் பாட்டு எழுத சேலத்துக்கு வந்ததையும், புது ஆள் என்று முதலில் தயங்கிய தான் அந்த வரிகளைப் படித்து அசந்துபோனதையும் விஸ்வநாதன் பின்னாளில் மனம்விட்டுச் சொல்லியிருக்கிறார். ஸ்டூடியோக்கள் வாத்தியக்காரர்களை மாதச் சம்பளத்தில் வைத்திருந்த காலம் அது. வாசிப்பவனுக்கு மாதா மாதம் அரிசிக்குக் காசு வரும். சேலம் ஜில்லாவில் ஆர்க்கெஸ்ட்ராக்கள் முளைத்து வளர்ந்ததில் அந்த ஸ்டூடியோ வாடைக்குப் பங்கு இருக்கிறது என்பது என் எண்ணம்.

நம் வயலின் மாஸ்டர் அப்படி ஒரு ஆர்க்கெஸ்ட்ராவில் முப்பத்திரண்டு வருஷம் வாசித்தவர். தறிக்காரக் குடும்பம். பகலில் தறி, ராத்திரி கச்சேரி. “பதினாறு பேருங்க தம்பி. ஒரு மெட்டடார் வேனு. மாசியில ஆரம்பிச்சா வைகாசி வரைக்கும் வீடு தங்க மாட்டோம். திருச்செங்கோடு தேர், அப்புறம் சேலத்துல கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைன்னு கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க. ரெண்டு வயலினு, ஒரு குழலு, அக்கார்டியன், தபேலா, டோலக், பாங்கோஸ். ரெக்கார்டுல இருக்கிற எல்லா பிட்டும் எங்களால வாசிக்க முடியாது. ஆனா ஜனங்களுக்கு முன்னால கை அசையும்ங்க.”

அந்த வரிசை எப்படிக் கரைந்தது என்று கேட்டேன். முதலில் கீபோர்டு வந்து அக்கார்டியனையும் குழலையும் வாங்கிக்கொண்டது. அப்புறம் ரிதம் பேட் வந்து டோலக்கையும் பாங்கோஸையும் அனுப்பியது. இரண்டு வயலின் ஒன்றானது. அந்த ஒன்றும் தாக்குப்பிடித்தது, ஏனென்றால் கீபோர்டில் வயலின் சத்தம் வருமே தவிர வில்லின் இழுப்பு வராது. ‘பாலும் பழமும்’ காலத்துப் பாட்டுக்கு அந்த இழுப்பு வேண்டும் என்று ஊர்க்காரர்களே கேட்பார்களாம். கடைசியில் மாஸ்டரை இறக்கிவிட்டது டிராக்.

டிராக் என்றால் முன்பெல்லாம் குரல் இல்லாமல் பின்னணியை மட்டும் யாராவது புதிதாக வாசித்துப் பதிந்து விற்ற மைனஸ் ஒன். அதில் உயிர் இருக்காது, கேட்பவர்களுக்கும் தெரிந்துவிடும். இப்போது வந்திருப்பது வேறு. பழைய மோனோ ஒலிப்பதிவையே எடுத்து, குரலை மட்டும் உருவிவிட்டு, பின்னணியை அப்படியே தனியாக எடுத்துத் தருகிற மென்பொருள் வந்துவிட்டது. கலந்த ஒலியிலிருந்து ஒன்றைத் தனியாகப் பிரிக்கிற இதே மாதிரித் தொழில்நுட்பத்தில்தான் லெனனின் குரலைக் கேசட்டிலிருந்து சுத்தமாகப் பிரித்து, 2023 நவம்பரில் பீட்டில்ஸின் கடைசிப் பாட்டு என்று வெளியிட்டார்கள். அங்கே வாத்தியத்திலிருந்து குரலைக் காப்பாற்றி எடுத்தார்கள். இங்கே குரலைக் கழற்றிவிட்டு வாத்தியத்தை வைத்துக்கொள்கிறோம். பி.பி.சீனிவாஸ் நின்ற இடத்தில் நம் ஊர்ப் பையன் நின்று பாடுகிறான். அவனுக்குப் பின்னால் 1964-ல் சென்னையில் வாசித்தவர்களே வாசிக்கிறார்கள்.

ராசிபுரத்தில் என்னைச் சிலிர்க்கவைத்தது அதுதான். அந்த வயலின் கூட்டம் அசல். அந்தக் கைகளில் பலவும் இன்று உயிரோடு இருக்காது. அறுபது வருஷத்துக்கு முன்னால் அவர்கள் ஒரு நாள் கூலிக்கு வாசித்த வாசிப்பு, இன்று இன்னொரு வயலின்காரரின் கூலியை எடுத்துக்கொண்டிருக்கிறது. அவர்களுக்கும் ஒரு பைசா போகவில்லை, இவருக்கும் போகவில்லை. இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

சட்டத்தில் ஏதாவது வழி இருக்கிறதா என்று பார்த்தேன். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கான உரிமை, அது வெளியான வருஷத்துக்கு அடுத்த வருஷத் தொடக்கத்திலிருந்து 60 வருஷம். ‘கர்ணன்’, ‘காதலிக்க நேரமில்லை’, ‘புதிய பறவை’, ‘சர்வர் சுந்தரம்’ நான்கும் 1964. அந்த ஒலிப்பதிவுகளின் காலம் 2024 கடைசியில் முடிந்தது. ‘ஆயிரத்தில் ஒருவன்’, ‘எங்க வீட்டுப் பிள்ளை’ 1965. அவற்றின் கணக்கு 2025-டன் முடிந்தது. 1952-ல் ‘பணம்’ படத்தில் தொடங்கிப் பிரிவு வரைக்கும் இருவரும் சேர்ந்து தந்த ஒலிப்பதிவு மொத்தமும் இந்தக் கணக்கில் வந்துவிடுகிறது. மெட்டுக்கும் வரிக்கும் உரிமை தனி. அது படைத்தவரின் ஆயுளுக்குப் பிறகும் 60 வருஷம் நீளும். ராமமூர்த்தி 2013-லும் விஸ்வநாதன் 2015-லும் மறைந்தார்கள், ஆகவே மெட்டின் உரிமைக்கு இன்னும் அரை நூற்றாண்டு ஆயுள் இருக்கிறது. மெட்டுக்குக் காவல் உண்டு, வரிக்குக் காவல் உண்டு. வாசித்த கைக்கு? நிகழ்த்துகிற கலைஞருக்கும் உரிமை உண்டு என்பது நம் சட்டத்தில் ஏறியதே 1994 திருத்தத்தில்தான். 1995 மே மாதம் அது நடைமுறைக்கு வந்தது. 2012-ல் இன்னொரு திருத்தம் கலைஞருக்கு ராயல்டி என்றது. 1964-ல் கடைசி வரிசையில் உட்கார்ந்து வில் இழுத்தவரை இரண்டும் எட்டவில்லை.

2012-ல் சென்னையில் நடந்த விழாவில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா இருவருக்கும் ‘திரை இசைச் சக்கரவர்த்தி’ பட்டமும் தலா 60 பொற்காசும் காரும் கொடுத்தார். அந்த மேடையில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்திருந்ததுதான் என்னைப் பொறுத்தவரை உண்மையான மறுசேர்க்கை. ராமமூர்த்திக்கு அப்போது தொண்ணூறு வயது. ஆரம்பத்தில் இரண்டு பெயரையும் சேர்த்து வைத்தபோது, இளையவர் பெயர் முன்னால் வரட்டும், மூத்தவர் பின்னால் நின்று தாங்கட்டும் என்று என்.எஸ்.கிருஷ்ணன் சொன்னதாகத் திரையுலகில் ஒரு கதை உண்டு. ஆறு வயது மூத்தவர், வயலின்காரர், அதற்குச் சம்மதித்துப் பின்னால் நின்றார். பிரிந்த பிறகு அவர் தனியாகச் செய்த படங்கள் இருபதைத் தொடவில்லை. விஸ்வநாதன் நூற்றுக்கணக்கில் செய்தார். பின்னால் நிற்பவரைத் தேடிப் போய் அழைக்கும் பழக்கம் நமக்கு அன்றைக்கும் குறைவுதான்.

டிராக் இருப்பதால்தான் சின்ன ஊர்களும் கச்சேரி வைக்க முடிகிறது, பதினாறு பேருக்குச் சம்பளம் கொடுக்க எந்தக் கமிட்டியிடம் பணம் இருக்கிறது என்று ஒரு புரோகிராம் ஏஜென்ட் என்னிடம் கேட்டார். அவர் கணக்கு அவருக்கு. ஆனால் அதே பண்டிகையில் சீரியல் செட்டுக்கும் வாணவேடிக்கைக்கும் வசூலான தொகையை நானும் விசாரித்துவிட்டுத்தான் வந்தேன். பதினாறு பேர் வேண்டாம். ஒரே ஒரு வயலின் போதும். சாயந்திரம் ஆறு மணிக்கு ஒருவர் மேடையில் உட்கார்ந்து தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கிறபோது, முன்வரிசையில் இருக்கிற ஒரு பையன் அதை வாயைப் பிளந்து பார்ப்பான். பாட்டு என்பது ஒரு மனுஷன் கையிலிருந்து வருவது என்று அவனுக்குத் தெரிய வேறு வழி எனக்குத் தெரியவில்லை. பென் டிரைவில் வருகிற பாட்டு அவனை நல்ல ரசிகனாக்கும். வயலின் கற்றுக்கொள்ள அனுப்பாது. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் அடுத்த வயலின்காரர் எங்கிருந்து வருவார் என்பதுதான் எனக்கு இப்போது ஒரே கவலையாக இருக்கிறது.

பாட்டு முடிந்து இடைவேளை விட்டதும் விழாக் கமிட்டிக்காரர் ஒருவரைப் பிடித்தேன். அடுத்த வருஷம் ஒரு வயலினையாவது மேடையில் வைக்கலாமே என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. யோசித்தார்.

“நல்லாத்தாங்க இருக்கும். எங்களுக்குக் கேக்கணும்னே தோணலை. இந்தப் பக்கம் இப்ப வாசிக்கிற ஆளு யாருங்க இருக்காங்க?”

கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தேன். நாலு நாற்காலி தள்ளித்தான். மாஸ்டர் எழுந்து நின்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். சொன்னதைக் கேட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் இடது கையைப் பார்த்தார். பிறகு நான்கு விரல் நுனிகளையும் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவினார்.

“காய்ப்பு போயிருச்சுங்க. ஒரு மாசம் முன்னாடி சொல்லுங்க, ஏத்திக்கிறேன்.”