'போதும்' என்னும் சொல்

பிழைப்பை நாடி வெளிமாநிலங்களில் குடியேறிய நம் குடும்பங்களில், வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறொரு மொழியும் வழங்குவது புதிதன்று. பெரும்பாலான குழந்தைகள் இரண்டையும் எளிதிற் பற்றிக்கொள்கின்றனர். ஆனால், ஆட்டிசம் உள்ள குழந்தை மழலையர் வகுப்பில் சேரும்போது, "வீட்டில் தமிழை நிறுத்திவிடுங்கள்" என்னும் அறிவுரை பெற்றோருக்குக் கிடைப்பதுண்டு. அதுபற்றி இம்மாதம் நம் அன்பர்களுடன் கலந்துரையாட விழைகிறோம்.

ஆட்டிசம் மூளை வளரும் விதத்தில் அமைந்த வேறுபாடு. வளர்ப்பின் குறையால் வருவதன்று. இருமொழி கேட்பதால் இக்குழந்தைகளின் பேச்சு மேலும் பின்தங்கும் என்பதற்கு ஆராய்ச்சிகளில் சான்றில்லை. தாய் தடுமாறிப் பேசும் மொழியைக் காட்டிலும், அவள் தாலாட்டிய மொழியே குழந்தைக்கு நெருக்கமானது. பாட்டியின் பேச்சும் புரியாமற்போனால் அதற்கு வீட்டிலும் தனிமையே மிஞ்சும்.

வகுப்பில் அக்குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அலறினால், அடம் என்று கருதிவிடுகிறோம். மணியோசையும் இரைச்சலும் திடீரென மாறும் வேலையும் தாங்க முடியாதபோது எழும் முறையீடு அது. அவ்வேளையில் கண்டிப்பதாற் பயனில்லை. குரலைத் தணித்து, சொற்களைக் குறைத்து, அமைதியான மூலைக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும். பாடம் பிறகு நடக்கலாம்.

அலறும் நிலை வருமுன்னரே உதவுவது பட அட்டை. 1985ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெலவர் மாநிலத்தில் ஆண்டி போண்டி, லோரி ஃபிராஸ்ட் ஆகிய இருவர் வகுத்த முறையில், குழந்தை தான் விரும்பும் பொருளின் படத்தை எடுத்து நீட்டும்; உடனே அப்பொருளைப் பெறும். படம் பழகினால் பேச்சு வராது என்று அஞ்ச வேண்டா. அது பேச்சைத் தடுப்பதில்லை என்றே ஆய்வுகள் கூறுகின்றன. அன்றைய வேலைகளையும் படங்களாக வரிசைப்படுத்தி மாட்டினால், அடுத்து என்ன என்னும் கலக்கம் குறையும்.

நம் பெற்றோர் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. வகுப்பிலுள்ள அட்டைகளையே வீட்டிலும் வைத்து, ஒவ்வொன்றின்கீழும் இரு மொழியிலும் எழுதுங்கள். ஆசிரியை 'பானி' என்பார், அன்னை 'தண்ணீர்' என்பாள், படம் ஒன்றே. குழந்தை வழங்கும் தமிழ்ச்சொற்களை, 'மம்மு', 'வலிக்குது', 'போதும்' என்று பட்டியலிட்டு, ஆசிரியை அறிந்த எழுத்தில் பொருளுடன் கொடுங்கள். 'போதும்' என்று சொல்லியும் எவருக்கும் விளங்காவிடில், மறுமுறை குழந்தை அலறத்தானே செய்யும்?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் உள்ளடக்கியது. அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் இக்குழந்தைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்தல் வேண்டும் என்பது அதன் விதி. ஆதலின் தயங்காது பள்ளியை அணுகுங்கள். அப்பட்டியலையும் கையோடு கொண்டு செல்லுங்கள் என வேண்டுகிறோம்.