சட்டைப் பையில் ஒரு பொட்டலம்: கஞ்சாச் சட்டம் பற்றி மும்பைத் தமிழர்கள் அறிய வேண்டியவை

கனடா 2018இல் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியது. ஜெர்மனி 2024இல் பெரியவர்கள் சிறிதளவு வைத்திருக்க அனுமதித்தது. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம், மிகக் கடுமையான கட்டுப்பாட்டுப் பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்கியபோது இந்தியாவும் ஆதரித்து வாக்களித்தது. இந்தச் செய்திகள் கைப்பேசி வழியே தாராவிச் சந்துகளுக்கும் செம்பூர் குடியிருப்புகளுக்கும் வந்துசேர்கின்றன. "இனிமே இதுக்கெல்லாம் கேஸ் கிடையாது" என்று நம்பிவிடும் பிள்ளைகள் உண்டு. அந்த நம்பிக்கை அவர்களைச் சிறைவரை கொண்டுபோய்விடும்.

சட்டம் இன்று சொல்வது

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, செடியின் பூவும் காயும் கூடிய நுனி கஞ்சா. அதன் பிசின் சரஸ். இரண்டும் குற்றம். புகைத்தாலே 6 மாதம்வரை சிறை, அல்லது 10,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். கஞ்சாவில் ஒரு கிலோவரை 'சிறிய அளவு': வைத்திருந்தால் ஓராண்டுவரை சிறை, அல்லது அதே அபராதம், அல்லது இரண்டும். அதற்கு மேல் 10 ஆண்டுவரை. 20 கிலோவைத் தாண்டினால் 10 முதல் 20 ஆண்டு. சரஸில் 100 கிராம்வரைதான் சிறிய அளவு. இலையில் செய்யும் பாங்கு இந்தச் சட்டத்தில் வராது. ஆனால் மகாராஷ்டிராவில் அதற்கும் உரிமம் வேண்டும்.

சிக்குவது யார்?

மும்பை நீதிமன்றங்களில் 2017, 2018இல் முடிந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட போதைப்பொருள் வழக்குகளை 'விதி' சட்டக் கொள்கை மையம் ஆராய்ந்தது. ஏறக்குறைய எல்லாமே சொந்தப் பயன்பாட்டு வழக்குகள். பத்தில் எட்டுக்கு மேல் கஞ்சா. தண்டனை பெற்றவர்களோ தினக்கூலிகளும் குடிசைவாசிகளும் தெருவோரம் வாழ்பவர்களும். 2021 அக்டோபரில் போதைப்பொருள் வழக்கில் கைதான, நடிகர் ஷாருக் கானின் மகன் ஆர்யன் கானிடம் எதுவும் கைப்பற்றப்படவில்லை. பெயர்பெற்ற வழக்கறிஞர்கள் வாதாடியும் மூன்று வாரத்துக்கு மேல் சிறையில் இருந்தார். 2022 மே மாதம் ஆதாரமில்லை என்று விடுவிக்கப்பட்டார். அவருக்கே அந்த நிலை என்றால், வக்கீல் வைக்க வழியில்லாத கூலித் தொழிலாளியின் மகனுக்கு?

பிடிபட்டால் உங்கள் உரிமைகள்

- உடலைச் சோதிக்கும் முன், நீதித்துறை நடுவர் அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி முன்னிலையில் சோதிக்கக் கோரலாம் என்பதைப் போலீசார் உங்களிடம் சொல்லியாக வேண்டும் (பிரிவு 50). பையைச் சோதிப்பதற்கு இந்த விதி பொருந்தாது.
- பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும்.
- கைதின் காரணத்தைச் சொல்ல வேண்டும். வீட்டாருக்குத் தெரிவிக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் நடுவர்முன் நிறுத்த வேண்டும்.
- விசாரணை அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்க முடியாது. தமிழ்நாட்டிலிருந்து போன தூபான் சிங் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் இப்படித் தீர்ப்பளித்தது.
- வெற்றுத் தாளிலோ படித்துப் புரியாத பஞ்சநாமாவிலோ (சாட்சிகள் முன் எழுதும் சோதனைக் குறிப்பு) கையெழுத்துப் போடாதீர்கள்.
- காவலில் இருக்கும் எவருக்கும் இலவச வழக்கறிஞர் உண்டு. அழைக்க: 15100.

"ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போ" என்று யார் சொன்னாலும், முதலில் வழக்கறிஞரிடம் பேசுங்கள். ஒப்புக்கொண்டால் அது தண்டனையாகப் பதிவாகும். நாளை அரசு வேலைக்கோ வளைகுடா வேலைக்கோ போகும்போது அந்தப் பதிவு குறுக்கே நிற்கும்.

மருந்து வேறு, பொட்டலம் வேறு

கஞ்சாச் செடியில் மருத்துவக் குணம் இருப்பது உண்மை. அதிலிருந்து பிரித்த கன்னாபிடியால் மருந்தை, குழந்தைகளுக்கு வரும் இரண்டு அரிய வலிப்பு நோய்களுக்கு 2018இல் அமெரிக்கா அங்கீகரித்தது. கீமோதெரபி தரும் குமட்டலுக்கும் இச்செடி சார்ந்த மருந்துகள் உண்டு. இந்தியாவில் 'விஜயா' என்ற பெயரில் உரிமம் பெற்ற ஆயுர்வேத மருந்துகளை மருத்துவர் சீட்டுடன் வாங்கலாம். சீட்டையும் ரசீதையும் கையோடு வைத்திருங்கள். புற்றுநோயையே குணமாக்கும் என்று விற்பவரை நம்பி, நடக்கும் சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள்.

தெருவில் வாங்கும் பொட்டலத்தில் என்ன, எவ்வளவு கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பதின்வயதில் தொடங்கித் தினமும் புகைப்பவர்களுக்கு நினைவாற்றல் குறைகிறது. மனச்சிதைவு வரும் வாய்ப்பும் கூடுகிறது. பிள்ளைகளைப் பொட்டலம் கடத்த அனுப்புபவர்களுக்குச் சிறார் நீதிச் சட்டத்தில் 7 ஆண்டுவரை சிறை உண்டு.

மீள வழி

அடிமையானவர் தானாக முன்வந்து, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மையத்தில் சிகிச்சையை முழுதாக முடித்தால், புகைத்ததற்கோ சிறிய அளவு வைத்திருந்ததற்கோ வழக்கிலிருந்து விலக்குக் கோரலாம் (பிரிவு 64அ). வழக்கறிஞரிடம் இதை நீங்களே கேளுங்கள். தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் பக்கத்திலேயே சயான் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போதை மீட்பு உதவி எண்: 14446.

2019இல் வெளியான எய்ம்ஸ் ஆய்வின்படி, கஞ்சா வகைகளால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படும் இந்தியர்கள் சுமார் 72 லட்சம் பேர். இத்தனை பேரைச் சிறையில் அடைத்துத் திருத்த முடியாது. அதற்காகக் கதவை முழுதாகத் திறந்துவிடவும் கூடாது: 2022இல் விதிமுறை இல்லாமல் திறந்துவிட்ட தாய்லாந்து, 2025இல் மருத்துவர் சீட்டு கட்டாயம் என்று திரும்பியது. விற்பவருக்கு வழக்கு, புகைப்பவருக்குச் சிகிச்சை என்று சட்டம் தெளிவாகப் பிரிய வேண்டும். அதை நம் மக்கள் பிரதிநிதிகளிடம் கேட்போம். அதுவரை நம் பிள்ளைகளுக்கு இன்றைய சட்டத்தையும் அது தரும் உரிமைகளையும் வீட்டிலேயே சொல்லிக்கொடுப்போம்.