கடற்காற்றும் கருங்கல் மண்ணும் வளர்க்கும் திராட்சை

திராட்சை வறண்ட நிலத்துப் பயிர் என்பது நம்மில் பலரின் எண்ணம். ஆனால் ஸ்பெயின் நாட்டின் வடமேற்கு மூலையில், அட்லாண்டிக் கடலோரத்தில் உள்ள ரியாஸ் பைஷாஸ் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 1,600 மி.மீ. மழை பெய்கிறது. இது தமிழ்நாட்டின் சராசரி மழையைப் போல் ஒன்றரை மடங்குக்கும் அதிகம். இருந்தும் அங்கு விளையும் அல்பரீனியோ என்ற வெள்ளைத் திராட்சையின் ஒயின் உலகப் புகழ் பெற்றது. 1988-ஆம் ஆண்டு இப்பகுதி ஒயினுக்கு அரசின் பிறப்பிடச் சான்றும் கிடைத்தது. இது எவ்வாறு இயலுகிறது?

மண்

இங்குள்ள மண் கருங்கல் பாறை சிதைந்து உண்டானது, மணற்பாங்கானது. எவ்வளவு மழை பெய்தாலும் நீர் விரைவில் வடிந்துவிடும், வேர் அழுகுவதில்லை. கருங்கல்லில் சுண்ணாம்புச் சத்து குறைவு. மழையும் இருப்பதைக் கரைத்துக்கொண்டு போகிறது. ஆகவே மண் அமிலத்தன்மை உடையது. இதைச் சரிசெய்யச் சுண்ணாம்பு இடுவது அவசியமாகிறது. பாறையின் சுவையே ஒயினில் இறங்குகிறது என்று சிலர் கூறுவர். அது சரியன்று. வடிகாலும் ஊட்டமும் கொடியின் வளர்ச்சியை மாற்றுகின்றன. அதன் வழியே பழத்தின் தன்மையும் மாறுகிறது.

தட்பவெப்பம்

கடல் அருகில் இருப்பதால் கோடையிலும் வெப்பம் கடுமையாக ஏறுவதில்லை. அதிக வெப்பத்தில் பழத்திலுள்ள மாலிக் அமிலம் விரைந்து குறையும். இங்கு அது பெரிதும் தங்கிவிடுவதால் ஒயினுக்குப் புளிப்பும் நறுமணமும் கிடைக்கின்றன. கடலை ஒட்டிய சால்னெஸ் பள்ளத்தாக்கின் ஒயினில் புளிப்பு தூக்கலாக இருக்கும். உள்நாட்டில், வெப்பம் கூடிய கொண்டாடோ பகுதியில் பழம் நன்கு முதிர்வதால் புளிப்பு சற்றுத் தணியும்.

பந்தல் முறை

ஈரக்காற்றினால் அடிச்சாம்பல் நோய், சாம்பல் நோய், குலை அழுகல் ஆகியவை எளிதில் பரவும். இதைச் சமாளிக்க, கருங்கல் தூண்களை நட்டு, ஆள் உயரத்திற்கு மேல் பந்தலிட்டுக் கொடியைப் படரவிடுகின்றனர். மழையில் கல்தூண் உளுத்துப் போவதில்லை. கீழே காற்று ஓடுவதால் குலைகள் விரைவில் உலருகின்றன. அல்பரீனியோவின் தடித்த தோலும் ஓரளவு பாதுகாப்பு அளிக்கிறது. எனினும் மருந்து தெளிப்பதைக் கைவிட முடியாது. இலையுதிர்கால மழை வலுப்பதற்குள், பெரும்பாலும் செப்டம்பரில், அறுவடையை முடித்தாக வேண்டும். தாமதித்தால் ஓராண்டு உழைப்பும் குலையோடு அழுகிவிடும்.

நாம் அறிய வேண்டியது

கம்பம் பள்ளத்தாக்கிலும் பந்தலில்தான் திராட்சை வளர்க்கிறோம். பந்தல் இருந்தால் மட்டும் போதாது. அதனடியில் காற்று ஓட வேண்டும். கவாத்தைக் கவனமாகச் செய்து, நெருக்கமான தளிர்களை நீக்குங்கள். புதிதாகத் தோட்டம் போடுமுன் குழி தோண்டி நீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பாருங்கள். மண்ணைப் பரிசோதித்து, அமில காரத் தன்மையை அறிந்த பின்னரே இரகத்தைத் தேர்ந்தெடுங்கள். மழையை நம்மால் நிறுத்த முடியாது. வடிகாலையும் காற்றோட்டத்தையும் அமைத்துக்கொள்ள முடியும்.