மேடு ஏற மறுக்கும் டீசல் கார்!

குடும்பத்தோடு மலைப்பாதையில் ஏறுகிறது, ஒரு பழைய டீசல் கார். வளைவில் வேகம் குறைகிறது. வளைவு முடிந்ததும் ஆக்சிலேட்டரை மிதிக்கிறார், ஓட்டுகிறவர். கார் முனகுகிறது, முன்னேறவில்லை! பின்னால் வரும் பஸ் விடாமல் ஆரன் அடிக்கிறது. சிறிது நேரம் கழித்து, திடீரென்று கார் பாய்கிறது.

"டர்போ போய்விட்டது. மாற்ற வேண்டியதுதான்" என்று பலரும் சொல்லிவிடுவார்கள். அதற்குப் பல ஆயிரம் ரூபாய் செலவாகும். ஆனால் உண்மையான கோளாறு, கீறல் விழுந்த ஒரு சின்ன ரப்பர் குழாயாக இருக்கலாம்!

டர்போ என்றால் என்ன?

டீசல் எரியக் காற்று வேண்டும். காற்று அதிகமானால், அதிக டீசலை எரிக்கலாம், சக்தி கூடும். அந்தக் காற்றை என்ஜினுக்குள் தள்ளுவதுதான் டர்போ.

அதில் ஒரே தண்டில் 2 சக்கரங்கள் உண்டு. என்ஜினில் இருந்து வெளியேறும் புகை, ஒரு சக்கரத்தைச் சுழற்றும். கூடவே சுழலும் மறு சக்கரம், காற்றைத் தள்ளும். நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலும்! இந்த முறைக்கு 1905-ம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர், சுவிட்சர்லாந்து என்ஜினீயர் ஆல்பிரட் பியூக்கி.

என்ஜின் மெதுவாக ஓடும்போது புகை குறைவு. ஆகவே, டர்போ சற்றுத் தாமதிப்பது இயற்கை. ஆனால் முன்பு 1,800 சுற்றில் இழுத்த கார், இப்போது 2,500 சுற்றைத் தாண்டிய பிறகே இழுத்தால், அது கோளாறு.

புகை சொல்லும் சேதி

என்ஜின் இரைச்சல் மட்டும் ஏறி, கார் வேகம் ஏறவில்லையா? குற்றம் கிளட்சில், டர்போவில் அல்ல.

கரும்புகை வந்தால், காற்று போதவில்லை. நீலப்புகை வந்தால், என்ஜின் ஆயில் எரிகிறது. புகையும் இல்லை, சக்தியும் இல்லை என்றால், டீசல் குறைவாகப் போகிறது. டீசல் பில்டர் அடைத்திருக்கலாம். காற்றை அளக்கும் சென்சார் அழுக்கேறித் தப்புக் கணக்குக் கொடுத்தாலும் இப்படி ஆகும்.

செலவு குறைந்ததே முதலில்!

முதலில் ஏர் பில்டரைப் பார்க்க வேண்டும். அடுத்து, டர்போவில் இருந்து என்ஜினுக்குக் காற்று போகும் தடித்த ரப்பர் குழாய்கள். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது "புஸ்" என்று சத்தம் வந்தாலும், இணைப்பில் எண்ணெய்க் கசிவு தெரிந்தாலும், அங்கே காற்று கசியலாம். குழாயின் அடிப்பக்கத்தையும் பார்ப்பது அவசியம். கீறல் அங்கேதான் ஒளிந்திருக்கும்!

பல கார்களில் டர்போவின் பக்கத்தில் ஒரு சிறு கம்பி உண்டு. அது உள்ளே இருக்கும் தகடுகளை அசைத்து, புகையின் வழியைக் குறுக்கும். குழாய் வாயை விரலால் பாதி மூடினால், தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது அல்லவா? அதுபோல, குறைந்த புகையும் வேகமாகப் பாய்ந்து சக்கரத்தைச் சுழற்றும்.

பழைய கார்களில் இந்தக் கம்பியை இழுப்பது, மெல்லிய குழாய் வழியாக வரும் உறிஞ்சு சக்தி. என்ஜினைப் போட்டதும் கம்பி நகர வேண்டும்; அணைத்ததும் திரும்ப வேண்டும். நகராவிட்டால், அந்த மெல்லிய குழாயில் கீறல் இருக்கலாம். குழாய் நன்றாக இருந்தால், தகடுகளில் கரி பிடித்திருக்கலாம். ஆனால், டர்போ நெருப்பாய்ச் சுடும். தொடவே கூடாது!

புகையில் ஒரு பகுதியைத் திரும்ப என்ஜினுக்கு அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வும் கரி பிடித்துத் திறந்தே நிற்கும். நல்ல காற்றின் இடத்தைப் புகை பிடித்துக்கொள்ளும். அதைச் சுத்தம் செய்தாலே பல கார்கள் தேறிவிடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால்தான், டர்போவைச் சந்தேகிக்க வேண்டும். அது கெட்டிருந்தாலும், ஏன் கெட்டது என்று மெக்கானிக்கிடம் கேட்க வேண்டும். ஆயில் வரும் குழாய் அடைத்திருந்தால், புது டர்போவும் கெட்டுவிடும்!

கோளாறு தீரும் வரை, லாரியை முந்தும் ஆசை வேண்டாம். மிதித்ததும் பாயாத கார், முந்தும்போது எதிர்வண்டிக்கு நேரே நின்றுவிடும். தாமதமாகப் போனால், நேரம்தான் நஷ்டம்.