பேச்சுக்கு முன்னே – 6: ‘ங்கா’வுக்கு மறுமொழி

மூன்று மாதக் குழந்தையை மடியில் மல்லாக்கக் கிடத்திக்கொண்டு, “எங்கே, ங்கா சொல்லு... ங்கா...” என்று பாட்டி ஆரம்பிப்பாள். சொல்லிவிட்டு அதன் வாயையே பார்த்தபடி சும்மா இருப்பாள். குழந்தை உடனே சொல்லிவிடாது. பார்வை அவள் முகத்தில் குத்திட்டு நிற்கும், கால் உதைக்கும், உதடு குவியும், நாக்கு முன்னும் பின்னும் அலையும். கடைசியில் ‘ங்...கூ’ என்று ஒன்று வெளியே வரும். “அப்படியாடி தங்கம்!” என்று பாட்டி அந்த நொடியே பதில் கொடுப்பாள். கொஞ்சல் என்று நாம் கண்டுகொள்ளாமல் விடும் இந்தக் காட்சியில் பேச்சு வளர்ச்சிக்குப் பெரிதும் உதவுவது பாட்டி சொல்லிக்கொடுத்த ‘ங்கா’ என்றுதான் பலரும் நினைப்போம். ஆனால் அவள் வாய்மூடிக் காத்திருந்த நேரமும், சத்தம் வந்ததும் தாமதிக்காமல் கொடுத்த மறுமொழியும் அதைவிடப் பெரியவை என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது.

குழந்தை காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்லித்தான் பேசப் பழகுகிறது என்பது பொதுவான நம்பிக்கை. அதில் பாதி உண்மை. காது முன்கூட்டியே தயாராகிவிடுகிறது. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத சிசு தன் தாயின் குரலை இனங்கண்டு நாடுகிறது என்று டிகாஸ்பரும் ஃபைஃபரும் 1980-இல் காட்டியதைச் சென்ற வாரம் பார்த்தோம். ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்வது ஒன்று, நாக்கையும் தாடையையும் அதற்கேற்ப ஆட்டுவது வேறொன்று. எந்த அசைவு சரியாக அமைந்தது என்று குழந்தைக்கு யார் சொல்வது? இந்தக் கேள்விக்கான முதல் துப்பு ஒரு பறவையிடமிருந்து கிடைத்தது.

வட அமெரிக்காவில் கௌபேர்ட் என்றொரு பறவை உண்டு. நம்மூர்க் குயிலைப்போலவே பிற பறவைகளின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். இதில் பாடுவது ஆண் மட்டுமே, பெண் பாடாது. மெரிடித் வெஸ்ட், ஆண்ட்ரூ கிங் என்ற இரு ஆய்வாளர்கள் இளம் ஆண் பறவைகளைப் பெண் பறவைகளோடு மட்டும் வைத்து வளர்த்துப் பார்த்தார்கள். ஆண் எதையெதையோ பாடிப் பார்க்கிறது. அவற்றில் ஏதோ ஒரு துணுக்கு வரும்போது பெண் தன் சிறகைச் சட்டென்று ஒரு வெட்டு வெட்டுகிறது. கண்ணிமைக்கும் நேரம்தான். ஆண் அதைக் கவனித்துவிடுகிறது. அந்தத் துணுக்கையே மறுபடி மறுபடி பாடுகிறது. 1988-இல் வெளியான இந்த ஆய்வின் அழகு என்னவென்றால், பின்பற்றிப் பாட அங்கே முன்மாதிரியே இல்லை. பாடத் தெரியாத ஒருத்தி, சரியான தருணத்தில் அசைந்ததன் மூலமே பாட்டைத் திருத்திவிட்டாள்.

பறவைக்குச் சரி, மனிதக் குழந்தைக்கும் இது பொருந்துமா? மைக்கேல் கோல்ட்ஸ்டீன் இதே கிங், வெஸ்ட் இருவருடன் சேர்ந்து 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத்தான் விடை தேடியது. எட்டு மாதக் குழந்தைகள் விளையாட்டு அறையில் தாயோடு இருந்தார்கள். தாயின் காதில் ஒரு கருவி. குழந்தை சத்தம் எழுப்பியதும் “இப்போது” என்று அதில் உத்தரவு வரும். தாய் உடனே சிரித்து, நெருங்கி வந்து, தொடுவாள். இரண்டாவது குழுவின் தாய்மாரும் அதே அளவு சிரித்தார்கள், தொட்டார்கள். ஆனால் அவர்களுக்கு உத்தரவு வந்தது, முதல் குழுவில் வேறொரு தாய்க்கு வந்த நேரக்கணக்குப்படி. தங்கள் குழந்தை வாய் திறந்ததா இல்லையா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. பாசத்தின் அளவு ஒன்றே, நேரம் மட்டும் வேறு. சில நிமிடங்களுக்குள்ளேயே முதல் குழுவின் மழலை தேறியது. இழுவையான ஓசைகள் குறைந்து, ‘பா’, ‘தா’ போல மெய்யும் உயிரும் சட்டென்று ஒட்டிய அசைகள் கூடின. இரண்டாவது குழுவில் அந்த மாற்றம் இல்லை. அந்தத் தாய்மார் யாரும் ‘பா’ சொல்லிக் காட்டவில்லை என்பதை மறக்கக் கூடாது.

இதற்கு வலுவான மறுப்பு மானுடவியலாளர்களிடமிருந்து வருகிறது. கைக்குழந்தையோடு உட்கார்ந்து உரையாடும் பழக்கமே இல்லாத சமூகங்கள் இருக்கின்றனவே, அங்கெல்லாம் பிள்ளைகள் ஊமையாகவா போய்விட்டார்கள்? நியாயமான கேள்விதான். மெக்சிகோவின் செல்தால் மாயர் கிராமமொன்றில் நாள் முழுதும் ஒலிப்பதிவு செய்த ஆய்வு 2020-இல் வெளிவந்தது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை நோக்கி நேரடியாகப் பேசப்பட்டது மணிக்குச் சராசரி 3.6 நிமிடங்கள் மட்டுமே. அப்படியிருந்தும் மழலையும் முதல் சொற்களும் உரிய காலத்தில் வந்துவிட்டன. ஆனால் இந்த அடி யார்மேல் விழுகிறது? ‘நாளுக்கு இத்தனை ஆயிரம் சொற்கள் காதில் போட்டால்தான் பிள்ளை கெட்டிக்காரனாகும்’ என்று பெற்றோரைப் பயமுறுத்துகிற கணக்கின்மேல்தான். செல்தால் குழந்தைக்குக் கிடைத்த பேச்சு நாள் முழுதும் சீராகப் பரவியிருக்கவில்லை. மாறி மாறிப் பேசும் சிறு பொழுதுகளில் கொத்தாக வந்தது. மறுமொழி வார்த்தையாகவே இருக்க வேண்டும் என்றும் இல்லை. கோல்ட்ஸ்டீனின் தாய்மார் கொடுத்தது சிரிப்பும் தொடுதலும். இதையெல்லாம் சொன்ன பிறகும், மறுமொழி குறைந்த வீட்டில் குழந்தை பேசவே பேசாது என்ற முடிவுக்குப் போக எனக்குத் துணிச்சல் இல்லை. பிறர் பேசுவதை ஓரமாகக் கேட்டும் குழந்தைகள் கற்கிறார்கள்.

அப்படியானால் போனில் பாட்டுப் போட்டுக் கொடுத்தாலும் கற்குமே என்பார்கள். பாட்ரிஷியா குல் 2003-இல் இதைச் சோதித்தார். ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு 12 அமர்வுகள் சீனத்தின் மாண்டரின் மொழி. ஆள் நேரில் வந்து பேசி விளையாடிய குழந்தைகள், மாண்டரினின் ஓசை வேறுபாட்டைத் தைவான் குழந்தைகளுக்கு நிகராகப் பிரித்தறிந்தார்கள். அதே பாடத்தைத் திரையில் பார்த்தவர்களும் ஒலிப்பதிவில் கேட்டவர்களும் அந்த ஓசைகளைப் பொறுத்தவரை ஒன்றும் கற்கவில்லை. போனைப் பார்த்து ஏ.பி.சி.டி. ஒப்பிக்கும் பிள்ளையைச் சான்றாகக் காட்டலாம். அது ஏற்கெனவே பேச்சில் இறங்கிவிட்ட இரண்டு, மூன்று வயதுக் கதை. உண்மையில் கைக்குழந்தை வீட்டில் அதிகம் கவலைப்பட வேண்டியது பெரியவர் கையிலிருக்கும் போனைப் பற்றி. எட்வர்ட் ட்ரானிக் 1978-இல் வெளியிட்ட சோதனையில், கொஞ்சிக்கொண்டிருந்த தாய் திடீரென முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்வாள். குழந்தை சிரித்துப் பார்க்கும், குரல் கொடுத்துப் பார்க்கும், பிறகு சோர்ந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். திரையில் மூழ்கிய முகமும் கிட்டத்தட்ட அதே முகம்தான்.

இன்னொரு மறுப்பும் உண்டு: காது கேளாத குழந்தைகளும் முதல் மாதங்களில் ‘ங்கூ’ என்கின்றனவே, அவற்றுக்கு எந்தக் குரல் பதிலாகக் கேட்டது? கேட்கவில்லை. ஆரம்ப ஓசைகள் உடம்போடு வருபவை. தனியே தூளியில் கிடக்கும் குழந்தையும் மேலே பார்த்து ஏதோ சொல்லிக்கொள்ளும். பிரிவு அதற்கடுத்த படியில் நிகழ்கிறது. கேட்கும் குழந்தைகள் 6 முதல் 10 மாதங்களுக்குள் ‘பபப’, ‘ததத’ என்று அடுக்கத் தொடங்க, காது கேளாத குழந்தைகளுக்கு அது 11 மாதங்களுக்குப் பிறகே, சிலருக்கு 25 மாதங்களில்தான் தொடங்கியது என்று ஆலர், ஐலர்ஸ் இருவரும் 1988-இல் பதிவுசெய்தார்கள். சைகை மொழி பேசும் பெற்றோரின் காது கேளாத குழந்தைகளோ கைகளாலேயே மழலை பேசின. இது 1991-இல் லாரா பெட்டிட்டோவின் கண்டுபிடிப்பு.

ஆகவே பத்து மாதம் முடிந்தும் ‘பபப’ வராத குழந்தையிடம் முதலில் சோதிக்க வேண்டியது காதை. கதவு அறையும் சத்தத்துக்குத் திடுக்கிடுகிறதே என்பது போதாது. தரையின் அதிர்வுக்கும் அது திடுக்கிடும். “அவங்க அப்பனும் மூணு வயசுலதான் பேசினான்” என்ற சமாதானத்தில்தான் பல வீடுகளில் இரண்டு ஆண்டுகள் கரைகின்றன. ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பதே உலகெங்கும் செவித்திறன் மருத்துவர்கள் வைக்கும் கெடு. முதற்கட்டச் சோதனைக்கு ஊசியில்லை, மயக்க மருந்தில்லை. தூங்கும் குழந்தையின் காதில் சிறு முனையொன்றை வைத்து மெல்லிய ஒலியை அனுப்பி, உட்காது திருப்பி அனுப்பும் எதிரொலியை அளப்பார்கள். சில நிமிட வேலை.