சமயம் படித்தால் சாமியார்தானா?

சமயவியலில் பட்டமா? ‘படிச்சு முடிச்சு மணியாட்டவா போறே?’ என்று கேட்கும் மாமாக்கள் கொஞ்சம் இங்கே வரட்டும்!

மைக்கேல் ஜோர்டானையும் கோபி பிரையன்ட்டையும் கட்டி மேய்த்து 11 என்.பி.ஏ. கோப்பைகளை அள்ளிய பயிற்சியாளர் பில் ஜாக்சன் கல்லூரியில் என்ன படித்தார் தெரியுமா? சமயம், உளவியல், தத்துவம் மூன்றும் கலந்த பட்டம்! பெற்றோர் இருவரும் பெந்தெகொஸ்தே ஊழியர்கள். பிள்ளையோ கூடைப்பந்து வீரர்களை உட்காரவைத்துத் தியானம் பழக்கினார்.

எஃப்.பி.ஐ.க்கே சமய ஆய்வாளர் தேவைப்பட்ட கதை தெரியுமா? 1993, டெக்சாஸின் வேக்கோ. ஒரு மதக்குழுவின் தலைவர் டேவிட் கொரேஷும் அவரை நம்பிய கூட்டமும் தங்கள் வளாகத்துக்கு உள்ளே, எஃப்.பி.ஐ. வெளியே. 51 நாள் முற்றுகை. போனில் மணிக்கணக்காக பைபிளையே பேசினார் கொரேஷ். அதிகாரிகளுக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. உள்ளே இருப்பவர்களைத் தூங்கவிடாமல் செய்ய ஒலிபெருக்கியில் திபெத்திய பிட்சுகளின் மந்திரத்தை அலறவிட்டார்கள் (பைபிள் கூட்டத்துக்கு!). ஜேம்ஸ் டேபர், பிலிப் ஆர்னால்டு என்ற இரு ஆய்வாளர்களுக்கு மட்டும் பிடிபட்டது: ஆள் பேசுவது பைபிளின் வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் ஏழு முத்திரைகளைப் பற்றி! ரேடியோ வழியாக அவர் பாஷையிலேயே பேசினார்கள். முத்திரைகளின் விளக்கத்தை எழுதி முடித்ததும் வெளியே வருகிறேன் என்று ஏப்ரல் 14-இல் கொரேஷ் கடிதமே கொடுத்துவிட்டார். சாக்குப்போக்கு என்று நினைத்தது எஃப்.பி.ஐ. 19-ஆம் தேதி கண்ணீர்ப்புகை, தீ, 70 பேருக்கு மேல் பலி. தப்பி வந்த ஒரு பெண்ணிடம் இருந்த கணினி டிஸ்கில் முதல் முத்திரையின் விளக்கம் கிடைத்தது. மனிதர் நிஜமாகவே எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்!

1996-இல் மொன்டானாவில் இன்னொரு முற்றுகை. இந்த முறை சமய ஆய்வாளர்களிடம் யோசனை கேட்டார்கள். 81 நாள் இழுத்தது. ஒரு குண்டுகூட வெடிக்காமல் முடிந்தது.

அமெரிக்க மருத்துவமனைகளில் கட்டிலருகே உட்கார்ந்து ஆறுதல் சொல்லவும் சமயம் படித்த ஆள் சம்பளத்துக்கு உண்டு. சான்றிதழுக்கு முதுகலைப் பட்டம் மட்டும் போதாது, 1,600 மணி நேரப் பயிற்சியும் வேண்டும்! நம் ராணுவமோ பண்டிட், கிரந்தி, மௌல்வி, பாதிரியார் என்று மத ஆசிரியர்களை நாயிப் சுபேதார் ரேங்க்கில் எடுக்கிறது.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தம், வைணவம், சமணம், கிறித்தவம் எல்லாவற்றுக்கும் தனித்தனித் துறை இருப்பது தெரியுமா? கோயில் செயல் அலுவலருக்கான டி.என்.பி.எஸ்.சி. தேர்விலும் சைவ, வைணவக் கேள்விகள் வந்ததுண்டு.

ஒரே ஒரு வேலைக்கு மட்டும் விண்ணப்பிக்க முடியாது: ‘டா வின்சி கோட்’ நாயகன் ஹார்வர்டில் பார்க்கும் குறியீட்டியல் பேராசிரியர் வேலை. அங்கே அப்படியொரு துறையே கிடையாது!