ஒரு மின்னல் படத்தின் விலை

கோடை இடிமழை ஒன்று பெய்து ஓய்ந்த சில மணி நேரத்தில் மின்னல் படங்கள் கைப்பேசிகளில் வந்து குவிகின்றன. பல உண்மையிலேயே அழகானவை. அவை எடுக்கப்பட்ட இடங்களைக் கவனித்தால்தான் மனம் பதறுகிறது: மொட்டை மாடி, கடற்கரை மணல், ஏரிக்கரை.

மின்னலைக் கண்ட பிறகு பொத்தானை அழுத்திப் பயனில்லை. ஒளியைக் கண்டு விரல் அசையவே ஏறத்தாழ கால் நொடி ஆகிவிடும். முதல் வீச்சு அதற்குள் முடிந்திருக்கும். ஆகவே, தேர்ந்த படக்கலைஞர்கள் கேமராவை முக்காலியில் பொருத்தி, இருளில் ஷட்டரை 10 முதல் 30 நொடி வரை திறந்து வைத்துக் காத்திருக்கிறார்கள். அதற்குள் மின்னல் வெட்டினால், தன் உருவத்தை அதுவே எழுதிவிடும். இதில் ஒரு நுட்பம் உண்டு. ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் மின்னல் கோட்டின் பிரகாசம் கூடாது. அது ஒளிர்வது கணநேரமே. அந்தப் பிரகாசத்தைத் தீர்மானிப்பவை லென்ஸ் துளையின் அளவும் கேமராவின் உணர்திறனும். நேரத்தைக் கூட்டினால் வெளுத்துப்போவது வானமும் தெருவிளக்குமே.

இந்தப் பொழுதுபோக்குக்கு அறிவியல் பெரிதும் கடன்பட்டிருக்கிறது. 1882இல் பிலடெல்பியாவில் வில்லியம் ஜென்னிங்ஸ் எடுத்த படங்கள், ஓவியர்கள் வரைந்துவந்த ரம்பப்பல் மின்னல் வானில் இல்லை என்று காட்டின. அது ஆற்றைப்போலக் கிளைபிரிந்து வளைந்து செல்கிறது. 1930களில் தென்னாப்பிரிக்காவில் பேசில் ஷோன்லாந்தின் குழு, சுழலும் லென்ஸ்கள் கொண்ட பாய்ஸ் கேமராவைக் கொண்டு இன்னும் வியப்பான ஒன்றைக் கண்டது. மேகத்திலிருந்து மங்கலான கீற்று ஒன்று, ஒரு தாவலுக்குச் சில பத்து மீட்டர் என்ற அளவில் படிப்படியாக இறங்குகிறது. அது தரையைத் தொட்ட பிறகே, கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் கீழிருந்து மேலே பாய்கிறது. இறங்கும் கீற்று நெருங்கும்போது, தரையில் உயர்ந்து நிற்கும் பொருளிலிருந்து எதிர்க்கீற்று ஒன்று எழும் என்பதையும் இன்று அறிவோம். அந்தப் பொருள் பனைமரமாக இருக்கலாம். மாடியில் கைப்பேசியுடன் நிற்பவரின் தலையாகவும் இருக்கலாம்.

பொருளியல் கற்பித்தவனுக்கு இங்கே ஒரு கணக்கு தோன்றுகிறது. படச்சுருள் காலத்தில் வீணாகும் ஒவ்வொரு படத்துக்கும் காசு போனது. இன்று கூடுதலாக ஒரு படம் எடுக்க ஆகும் செலவு ஏறக்குறைய சுழியம். படத்தின் விலை சரிந்தது. ஆபத்தின் விலை அப்படியே நிற்கிறது. விலை சரிந்ததை அதிகம் நுகர்வது மனித இயல்பு. எனவே, வெட்டவெளியில் நிற்கும் நேரமும் நீள்கிறது. 2021 ஜூலை 11 அன்று ஜெய்ப்பூரின் ஆமேர் கோட்டை அருகே காவற்கோபுரத்தில் மின்னல் தாக்கிக் குறைந்தது 11 பேர் இறந்தனர். அங்கிருந்தவர்களில் சிலர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தனர். இந்தியாவில் ஆண்டுதோறும் 2,000க்கும் அதிகமானோரை மின்னல் கொல்கிறது. அவர்களில் பெரும்பாலோர் வயலில் வேலை செய்பவர்கள். அவர்களுக்கு வேறு வழியில்லை. படம் எடுப்பவருக்கு வழி இருக்கிறது.

தொலைவில் இருக்கும் புயல்மேகமே நல்ல படத்தைத் தரும். தலைக்கு மேல் வந்துவிட்டால் மழைத்திரை எல்லாவற்றையும் மறைத்துவிடும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 3 நொடி என்றால் தொலைவு ஒரு கிலோமீட்டர். ஆனால், இடி காதில் விழுந்தாலே நாம் மின்னல் எட்டும் தொலைவில் இருக்கிறோம் என்றுதான் கொள்ள வேண்டும். புணேயின் இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய ‘தாமினி’ செயலி, சுற்றுவட்டாரத்தில் மின்னல் விழுவதை எச்சரிக்கும். அறை விளக்கை அணைத்து, மூடிய சன்னல் கண்ணாடியை ஒட்டி லென்ஸை வைத்தால் உள்ளிருந்தே எடுக்கலாம். கடைசி இடி ஓய்ந்து 30 நிமிடம் கழியும்வரை மாடிக்கதவைத் திறக்க வேண்டாம்.